கேட்டிருக்கக் கூடாத மன்னிப்பு

2024 மே 12, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவி ஷிராணியிடம் சொன்னேன். பொய். மகள் நிலூஷாவோடு டியூஷன் படிக்கும் பிள்ளைகள் யாராவது கோயிலில் இருப்பார்கள் என்ற பயம். ஷிராணி ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அது வேறு மாதிரி நடந்ததாக நானே மாற்றிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

ராஜலிங்கம் சேரின் கெமிஸ்ட்ரி கிளாசில் போன மாதக் கடைசியில் ஒரு பிள்ளையின் போன் காணாமல் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்தவள் என் மகள். சேர் அவளைப் பெயர் சொல்லி எழுப்பி, முன்னுக்கு வரச் சொல்லி, பையை மேசையில் கொட்ட வைத்திருக்கிறார். முழு ஹோலும் பார்த்திருக்கிறது. புத்தகம், சாப்பாட்டுப் பெட்டி, ஒரு பெண் பிள்ளை பையில் மறைத்து வைத்திருக்கும் எல்லாமும். போன் இல்லை. "ஆரிட்டயோ குடுத்திட்டாய் போல" என்று சொல்லி அவளுடைய இடத்தில் போய் இருக்கச் சொன்னாராம். மகள் இதை எங்களிடம் சொல்லவேயில்லை. வெள்ளிக்கிழமை, இனி அந்தக் கிளாசுக்குப் போகமாட்டேன் என்று அழுதபோதுதான் தாய் கேட்டுக் கேட்டு எடுத்தாள்.

நான் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். நிலூஷாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து கண்டி வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. பையைக் கொட்ட வைத்தது பிழை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

சேர் எழும்பவில்லை. என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் தன்மையாகத்தான் பேசினார். "கிளறன்ஸ், உங்கட பக்கத்துப் பிள்ளையள் தேயிலைத் தோட்டத்தில இருந்து இவ்வளவு தூரம் படிச்சு வாறதே பெரிய விஷயம். நான் இதைப் பெரிசாக்க விரும்பேல்லை. பிள்ளையைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

நான் சொன்னது: "மன்னிச்சிருங்க சேர். புள்ளைக்கு சொல்லி வைக்கிறேன். இனி இப்படி நடக்காது. ரொம்ப நன்றி சேர்."

நன்றி வேறு.

நிலூஷா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மே 13, திங்கள்

நிலூஷா என்னோடு பேசவில்லை. கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன். இது கோபம் மாதிரித் தெரியவில்லை.

மே 18, சனி

நிலூஷா கிளாசுக்குப் போகவில்லை. மத்தியானம் போனை எடுத்துவந்து என் முன்னால் நின்று, கூடப் படிக்கிறவள் ஒருத்தி அனுப்பியிருந்ததை வாசித்தாள்.

"ஒங்க அப்பாவே வந்து மன்னிப்பு கேட்டாராமே. அப்ப நீதானே எடுத்திருக்க."

வாசித்துவிட்டு, "அப்பா, நான் எடுத்தேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ, இல்ல நிலூ. சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்கு மன்னிப்பு கேட்டீங்க?"

எதுக்குக் கேட்டேன்? அவர் அதட்டக்கூட இல்லையே. வாய் தானாகத் திறந்தது. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் பேச்சு நிற்கும். எனக்கு மன்னிப்பு வருகிறது. பஸ்ஸில் என் காலை மிதிக்கிறவனிடமும் நான்தான் சொறி சொல்கிறேன். அதையெல்லாம் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிளறன்ஸ் நல்ல மனுசன், ஒரு வம்பு தும்புக்கும் போகமாட்டார் — கோயிலிலும் வேலை செய்யும் கந்தோரிலும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

என் பிள்ளையைக் கள்ளி ஆக்கியது நான். சேர் சந்தேகப்பட்டார். நான் ஒத்துக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மே 23, வியாழன். வெசாக்

கீழ் வீட்டில் பெரிய வெசாக் விளக்குக் கூடு கட்டியிருக்கிறார்கள். தாயும் மகளும் வெளிச்சம் பார்க்க ஆற்றுப் பாலத்துப் பக்கம் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் போன பிறகு நெஞ்சில் ஒரு இறுக்கம், இடது தோள் வரை.

ஜூன் 4, செவ்வாய்

ஷிராணி விடவில்லை. நெஞ்சு இறுக்கத்தைக் காட்ட ஆஸ்பத்திரி ஓபீடிக்குப் போனோம். ஈசீஜீயில் ஒன்றும் இல்லையாம். இளம் டொக்டர். "வீட்டுல, வேலையில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஷிராணி இடையில் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டியூஷன், போன், மன்னிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். டொக்டர் சின்னத் துண்டில் எழுதிப் பின்பக்கக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். ஆலோசனைப் பிரிவு.

பைத்தியத்துக்குக் காட்டுகிற இடம் என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

கந்தோரில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற கிளினிக் என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்தேன்.

ஆலோசகர் றுமைஸா மிஸ்ஸுக்கு முப்பது வயது இருக்குமா? நான் கதிரையின் நுனியில் இருந்ததைப் பார்த்து, "கதிரை முழுசும் உங்களுக்குத்தான், நல்லா சாஞ்சு இருங்க" என்றார். உடனே சொறி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இது மருந்து குடிக்கிற வருத்தம் இல்ல. பழகின பழக்கம். பழகினத மாத்தியும் பழகலாம்" என்றார். சும்மா பேசித் தீர்கிற விஷயம் இல்லையாம். செய்து செய்து பழக வேண்டுமாம். கண்ணைப் பார்த்துப் பேச, தனக்கு வேண்டியதைக் கேட்க, முடியாது, ஏலாது என்று சொல்ல. குழுவாக வருகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த கிழமையிலிருந்து நீங்களும் வாங்க என்றார்.

நாற்பத்தாறு வயதில் பேசப் பழகப் போகிறேன். மகள் ஏ-லெவல் படிக்கிறாள், அப்பன் நேர்சரி.

ஜூன் 18, செவ்வாய்

மிஸ் பலகையில் ஒரு ஏணி கீறினார். ஆகக் கீழ்ப் படியில் லேசானது, உச்சியில் நினைத்தாலே வியர்ப்பது. ஒவ்வொருவரும் தங்கள் படிகளைச் சொல்ல வேண்டும். என் உச்சிப் படி ராஜலிங்கம் சேர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கீழ்ப் படியைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது — பாலில்லாத பிளேன்டீ. பிலிமத்தலாவையில் கந்தோருக்கு முன்னால் உள்ள கடையில் சீனி போடாமல் தரச் சொல்வேன். மறந்துபோய்ப் போட்டுத் தருவார்கள். நான் குடித்துவிடுவேன். சீனி வருத்தக்காரன், வருஷக் கணக்காக.

குழுவில் பஹீம் என்று ஒருவர். வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார், ஆள் என்னைப் போல் இரண்டு மடங்கு. "எங்கட சொந்தக்காரங்க எல்லாருக்கும் என்ட வேன்தான். கலியாணம், மையித்து வீடு, எயார்போட், எல்லாத்துக்கும். எனக்கு எல்லாம் ஏலும் மிஸ். ஏலா என்டு சொல்லத்தான் ஏலா."

இவ்வளவு நாளில் இன்றுதான் சிரித்தேன்.

ஜூன் 20, வியாழன்

சீனி போட்டிருந்தது. குடித்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

"சீனி இல்லாமக் கேட்டேன். மாத்தித் தாங்க." சொல்லிவிட்டேன்! குரல் கோழி மாதிரி வந்தது. கடைக்காரர் ஒன்றுமே சொல்லாமல் வேறு ஒன்று போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம்?

வீட்டில் சொல்லவில்லை. பிளேன்டீயை மாற்றினேன் என்று எந்த முகத்தோடு நிலூஷாவிடம் சொல்வது.

ஜூலை 2, செவ்வாய்

இன்று பஹீம் ராஜலிங்கம் சேராக நடித்தார். மேசைக்குப் பின்னால் இருந்து, என்னை நிற்க வைத்து, மெதுவான குரலில், "பிள்ளையைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ" என்றார்.

நான், "மன்னிச்சிருங்க சேர்" என்றேன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஏன் மச்சான் எனக்கிட்ட மன்னிப்பு கேக்குற? நான் பிரேக் பேட் விக்கிறவன்!" என்று பஹீம் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்தது. நடிப்பு என்று தெரியும். ஆள் யார் என்று தெரியும். அப்படியும் வந்துவிட்டதே!

மிஸ் திரும்பச் செய்ய வைத்தார். ஒரு வசனத்தை எடுங்கள், அவர் என்ன சொன்னாலும் அதே வசனத்தைச் சொல்லுங்கள். சத்தம் கூட்ட வேண்டாம், விளக்கம் வேண்டாம், கீறல் விழுந்த ரெக்கோட் மாதிரி. மூன்றாம் தரம் முழு வசனமும் வந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். அது கணக்கில் இல்லையாம், கண்ணைப் பார்க்க வேண்டுமாம்.

ஜூலை 6, சனி

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நிலூஷா தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். தாய் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. "நானும் வரவா?" என்று கேட்டேன். "அம்மா போதும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜூலை 10, புதன்

கந்தோரில் கத்திவிட்டேன். எங்கள் பியோன் செல்லப்பா, என்னைவிட வயதில் மூத்தவர், விபத்துக் காப்புறுதிக் கோப்பு ஒன்றை ஒரு பக்கம் மட்டும் போட்டோக்கொப்பி எடுத்திருந்தார். வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, "ஒரு வேலையாவது ஒழுங்கா செய்யத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். குரல் கணீரென்று வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையை எழுதுகிறேன்: நல்லாக இருந்தது. முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது. பார்த்தாயா, எனக்கும் வருகிறது என்று நினைத்தேன்.

செல்லப்பா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சிருங்க சேர். இனி இப்படி நடக்காது."

ஐயோ. அதே வார்த்தை.

ஜூலை 16, செவ்வாய்

கத்தியதைக் குழுவில் சொல்லாமல் விடலாம் என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன். மிஸ் ஏசவில்லை. "மனேஜர் அதே பிழைய விட்டிருந்தா கத்தியிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"கத்துறதும், அடங்கிப் போறதும் ஒண்டுதான் மிஸ்டர் கிளறன்ஸ். ரெண்டிலயும் ஆள் மேலயா கீழயா என்டு பாத்துத்தானே செய்றீங்க."

வீடு வரும்வரை காது சுட்டது.

ஜூலை 17, புதன்

எல்லாரும் இருக்கும்போதுதான் கத்தினேன், எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் கத்தினது பிழை. ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்குறேன்." கண்ணைப் பார்த்துச் சொன்னேன். செல்லப்பா பதறிவிட்டார். "ஐயோ, விடுங்க சேர். நமக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

அந்த 'பழகிப்போச்சு' நாள் முழுக்க உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

பேசும்போது என் கைகள் எங்கே போகின்றன என்று மிஸ் காட்டினார். முன்னால் கோத்துக்கொள்கிறேன். செல்லப்பாவைப் போலவே. "இத எங்க பழகினீங்க?"

தெரியாது என்றேன். பஸ்ஸில் வரும்போது தெரிந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஹேவாஹெட்டத் தோட்டத்து ரோட்டில் தோட்டத் துரையின் ஜீப் வரும். அப்பா தலைத்துண்டை எடுத்துவிட்டுக் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்பார், இரண்டு கையையும் இப்படி வைத்துக்கொண்டு. என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவார். நான் அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். வேலை அவர்களுடையது, நாங்கள் குடியிருந்த லயக் காம்பிராவும் அவர்களுடையது. நிமிர்ந்து நின்றால் நாங்கள் ரோட்டில்தான்.

ஆனால் எனக்கு என்ன? எனக்குச் சம்பளம் தருவது ராஜலிங்கம் சேரா?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பெரஹெரா ஊர்வல நாட்கள். டவுனுக்குள் பஸ் விடவில்லை, இறங்கி நடந்துதான் கிளினிக் போனேன். குழு இன்றோடு முடிகிறது. பஹீம் தன் மாமியின் மகளுக்கு வேன் தர ஏலாது என்று சொல்லிவிட்டாராம். மாமி பேச்சை நிறுத்திவிட்டார். "கவலதான். ஆனா நேத்து பின்னேரம் புள்ளைகளோட குளத்தடிக்குப் போனேன், என்ட வேன்லயே" என்றார்.

உச்சிப் படி மட்டும் எனக்கு மிச்சம். மிஸ் அவசரப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவசரப்படுத்தினால் அவருக்காகப் போய்விடுவேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

குளியலறையில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். "என் மகள் அந்தப் போனை எடுக்கல சேர்." திரும்பத் திரும்ப. கதவைத் திறந்தால் நிலூஷா துவாயோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"முடிஞ்சுதா? நான் குளிக்கணும்" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

போனேன். ஒருவருக்கும் சொல்லாமல் போனேன், திரும்பவும் குழப்பிவிட்டால் யாருக்கும் தெரியக்கூடாது என்று.

ஒரு கிளாஸ் முடிந்து மற்றது தொடங்க முன் சேர் ஹோலுக்குப் பக்கத்து அறையில் இருந்தார். என்னை அடையாளம் மட்டுக்கட்டவே நேரமானது. இருக்கச் சொல்லவில்லை. கதிரையை இழுத்து நானே இருந்தேன்.

"சேர், என் மகள் நிலூஷா அந்தப் போனை எடுக்கல. அன்னைக்கு நான் மன்னிப்பு கேட்டது பிழை."

"எந்தப் போன்? ஓ... அந்தப் போனோ! அது நீங்கள் வந்து போன அடுத்த கிழமையே கிடைச்சிட்டுதே. அந்தப் பிள்ளையின்ர மாமாவின்ர காருக்குள்ள கிடந்ததாம். வெக்கத்தில அவள் ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல."

மேசையில் கையை ஊன்றினேன்.

"எங்களுக்கு ஏன் சொல்லல சேர்?"

"நீங்கள்தானே மன்னிப்புக் கேட்டு முடிச்சிட்டுப் போனியள். பிறகு நான் என்னத்தைக் கிளற?"

மே மாதத்திலேயே. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தால்கூட, அவர் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். என் மன்னிப்புதான் கதவைச் சாத்தியிருக்கிறது. மூன்று மாதமாகப் பிள்ளை கள்ளியாக இருந்திருக்கிறாள், என்னால்.

"பையைக் கொட்டினது எல்லாருக்கும் முன்னால. அவ எடுக்கலன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லணும் சேர்."

"பழைய கதை, கிளறன்ஸ். பிள்ளையள் மறந்திருப்பினம்."

"எல்லாருக்கும் முன்னால சொல்லணும் சேர்."

"எனக்கு சிலபஸ் முடிக்கக் கிடக்கு. நீங்கள் இப்பிடி வந்து..." அவருடைய முகம் மாறியது. என் வாய்க்குள் "மன்—" என்று வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கினேன்.

"எல்லாருக்கும் முன்னால சொல்லணும்."

"சரி, சரி. வாற கிளாசில சொல்லுறன்."

வெளியே வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வென்ற மாதிரி இருக்கும் என்று குழுவில் சொன்னார்கள். இல்லை. சட்டை முழுக்க வியர்வை. இவ்வளவு சின்ன வேலை. மே பதினோராம் திகதியே செய்திருக்கலாம்.

ஆகஸ்ட் 31, சனி

சேர் சொன்னாராம். எப்படி? "முந்தி ஒரு போன் காணாமப் போன பிரச்சினை இருந்தது, அது கிடைச்சிட்டுது, எல்லாரும் உங்கட சாமானைக் கவனமா வைச்சிருங்கோ." அவ்வளவுதான். பெயர் இல்லை. சிநேகிதி ஒருத்தி நிலூஷாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

பின்னேரம் நிலூஷா வந்து எனக்கு எதிரே கதிரையில் இருந்தாள்.

"நீங்க போய்ப் பேசினீங்களா?"

"போனேன்."

"ஏன் சொல்லல?"

"திரும்பவும் ஒளறிட்டு வந்துருவேனோன்னு பயம்."

நானே தொடர்ந்தேன். தயார் செய்த வசனம் இல்லை. "நிலூ, அன்னைக்கு நான் ஒன் பக்கம் நிக்கல. அந்த மனுசன்கிட்ட கேட்டத ஒன்கிட்டதான் கேட்டிருக்கணும். மன்னிச்சிரும்மா."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் வெட்கமாக இருக்கிறது. "ம்" என்றாள். அழுதாள். தாய் குசினி வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த கிழமை திரும்பப் போய்ப் பெயர் சொல்லச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க பேச வேணாம். நான் பேசுறேன். கூட வாங்க."

"நீ கிளாசுக்குத் திரும்பப் போகணும்னா, சேரோட நாம கொஞ்சம் பதமா—"

"நான் அங்க படிக்கப் போகமாட்டேன் அப்பா. வேற கிளாஸ் பாத்துட்டேன். இது அதுக்கில்ல."

செப்டெம்பர் 7, சனி

காலையிலேயே போனோம். பிள்ளைகள் ஹோலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் நிலூஷாவைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அறை வாசலில் நான் ஒரு அடி பின்னால் நின்றேன்.

"குட் மோர்னிங் சேர். போன் கிடைச்சதா சொன்னீங்களாம். என் பேரச் சொல்லல."

"அதுதான் முடிஞ்சுதே பிள்ளை."

"பேர் சொல்லித்தான் என்னை எழுப்பினீங்க சேர். பேர் சொல்லித்தான் பையக் கொட்டச் சொன்னீங்க. நான் எடுக்கலங்கிறதயும் பேர் சொல்லித்தான் சொல்லணும்."

குரல் நடுங்கியது. கடைசி வார்த்தையில் உடைந்தே போனது. எனக்கு உள்ளே பதறியது — புகுந்துவிடு, முடித்து வை, சேர் அவள் சின்னப் பிள்ளை என்று ஏதாவது சொல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சேர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "என்ன கிளறன்ஸ், பிள்ளையை இப்பிடிக் கதைக்க விட்டிட்டு நிக்கிறியள்?"

நான் நிலூஷாவைப் பார்த்தேன். அவள் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்றது சரி சேர்" என்றேன்.

பிறகு சேர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டி ஹோலுக்குள் போனார். மைக்கைத் தட்டினார். நாங்கள் வெளியே நடைபாதையில் நின்று கேட்டோம். கிளறன்ஸ் நிலூஷா என்று முழுப் பெயர் சொன்னார். அந்தப் பிள்ளை போனை எடுக்கவில்லை, பையைச் சோதித்தது என்னுடைய பிழை என்றார். குரலில் விருப்பமில்லை. ஆனால் சொன்னார். பின் வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள்.

நிலூஷா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போவோம்பா, பசிக்குது" என்றாள்.

மார்க்கட் பக்கம் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டோம். அவள் புதுக் கிளாஸைப் பற்றி, அங்கே படிப்பிக்கும் மிஸ்ஸைப் பற்றி, கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். எனக்குக் கறி கொஞ்சம் உறைப்பாக இருந்தது, அவள் பேச்சை வெட்ட மனமில்லாமல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.